மெயினைப் போட்ட கை

அத்தியாயம் 19

ஆயுத பூசை கழிந்து ஒன்பது நாளாகியும் ஆத்தப்பன் வீட்டில் ஒருவருக்கும் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

இடையில் ஓரிரு வாரம் தவறவிட்டவர்கள் இருப்பீர்கள்; சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஆத்தப்பனுக்கு ஒரு பின்னலாடை மில். பூசையன்று காலை அங்கே காம்பாக்டிங் மெஷினின் உருளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான் இசக்கிமுத்து. துணியை அமுக்கிச் சீராக்குகிற பெரிய மெஷின் அது. மெயின் அணைத்திருக்கிறது என்ற நம்பிக்கையில் கையை உள்ளே விட்டிருந்தான். யாரோ மெயினைப் போட்டுவிட்டார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், இரண்டு பெண்குழந்தைகளுக்குத் தகப்பன், இப்போது வலது கை முழங்கைக்குக் கீழே இல்லாமல் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான்.

மெயினைப் போட்டது யார்? மெயின் அறைச் சாவி எலக்ட்ரீஷியன் சலாவுதீனிடம் இருக்கிறது. சந்தேகப்பட இது போதாதா? போதாததற்கு, தான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது பாய் அந்த அறை வாசலில் நின்றதைப் பார்த்ததாக ஆத்தப்பனின் ஒரே மகன் தரணீதரன் சொன்னான். பொரி வாங்கக் கடைக்குப் போயிருந்ததாகச் சலாவுதீன் சொன்னார். இருபத்திரண்டு வருடமாக அந்த மில் பூசைக்குப் பொரி வாங்கி வருகிறவர் அவர்தான். ஆனால் பூசையன்று பொரிக்கடைக் கூட்டத்தில் யார் யாரை நினைவு வைத்திருப்பார்கள்? அவர் பேச்சு எடுபடவில்லை.

இன்று சாயங்காலம் நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். பாயைக் கூட்டிப்போக.

அதற்குள் ஒரே ஒரு காரியம் நடக்க வேண்டும். அது வர்ஷினியின் கையில் இருந்தது.

வர்ஷினி அந்த வீட்டு மருமகள், தரணியின் மனைவி. பல்லடத்துப் பெண், கம்ப்யூட்டர் படித்தவள். கல்யாணமாகி வந்த ஒன்றரை வருடத்தில் மில்லின் கணினி வேலையெல்லாம் அவள் பொறுப்புக்கு வந்துவிட்டது. மெயின் அறைக்கு எதிரே ஒரு கேமரா இருக்கிறது. அது பிடிப்பதெல்லாம் மாடியில் உள்ள சர்வருக்குப் போய்ச் சேரும். பூசையன்று கரண்டே இல்லை, கேமரா எப்படி ஓடியிருக்கும் என்று தரணி போலீஸிடம் சொன்னபோது எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். சர்வரும் அன்றோடு செத்துக் கிடந்தது.

முந்தின நாள் சாயங்காலம் காபி குடிக்கையில்தான் வர்ஷினிக்கு அது உறைத்தது. சர்வருக்கும் கேமராவுக்கும் யுபிஎஸ் உண்டு; மெயின் போனாலும் அரை மணி நேரம் தாங்கும். அப்படியென்றால் படம் பதிவாகியிருக்க வேண்டும். அவள் இதைச் சொன்னதும் ஆத்தப்பன் காபியை அப்படியே வைத்துவிட்டு இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். நாளைக்கு நாலு மணி வரை பார்க்கிறேன், இல்லாவிட்டால் பாயைக் கூட்டிப்போய்விட்டுச் சர்வர் பெட்டியையும் சென்னைக்கு அனுப்பிவிடுவேன், அங்கே போனால் ஆறு மாசமாகும் என்றார் அவர்.

தரணி மட்டும் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

இன்று காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே பேசினான். அந்தச் சர்வர் பழசு, அதோடு மல்லுக்கட்டாதே, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதுசாகப் போட்டுவிடு, சனியன் ஒழியட்டும் என்றான். அழித்தால் பதிவும் போய்விடுமே என்றாள் அவள். அதில் என்ன பெரிதாக இருக்கப்போகிறது என்றான் தரணி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. அவன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். வர்ஷினி அருகில் போய்ச் சரிசெய்துவிட்டாள். அவன் நெஞ்சு ஓடி வந்தவனுக்குப்போல அடித்துக்கொண்டிருந்தது. பாவம், மனுசன் தூங்கியே எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். நினைக்கத்தானே செய்வாள், கட்டியவள்.

மில் கேட்டில் சலாவுதீனின் மனைவி அமீருன்னிசா நின்றிருந்தாள். செக்கிங் பிரிவில் பதினைந்து வருடமாக வேலை பார்ப்பவள். ஒன்பது நாளாக அவளை யாரும் உள்ளே வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அதனால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"அம்மிணி, அந்த மெஷினு சரியாயிருமுங்களா?"

"பாக்கறனுங்க்கா."

"படத்துல அவரு போட்டதாட்டமே இருந்தாலுஞ் சரிங்க. எதுவோ ஒண்ணு தெரிஞ்சாப் போதும். ஊருக்குள்ள தலை நிமிர முடியலீங்க."

வர்ஷினியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு மாடிப்படி ஏறினாள்.

சர்வர் அறை பூட்டியிருக்கவில்லை. முந்தின நாள் தானே பூட்டியதாக அவளுக்கு ஞாபகம். ஒருவேளை மறந்திருக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சர்வரில் அப்பியிருந்த சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் கீழே பொத்தானை அமுக்கினாள். மணி ஒன்பதரை.

அந்தச் சர்வர் ஏன் செத்தது என்பதில் அவளுக்கும் பங்குண்டு. லினக்ஸில் ஓடுகிற கணினி அது. மென்பொருளெல்லாம் பேக்கேஜ் பேக்கேஜாக வரும். ஒரு பேக்கேஜும் தனியாக வராது. சம்பந்தி வீட்டார் மாதிரி, தனக்கு வேண்டிய நாலு பேரையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வரும். மாதக்கணக்கில் புதுப்பிக்காமல் கிடந்ததால், மில் ஓடாத நாளாகப் பார்த்து, பூசையன்று காலை இருநூற்றுச் சொச்சம் பேக்கேஜுகளைப் புதுப்பிக்கச் சொல்லிவிட்டுச் சர்க்கரைப் பொங்கல் எடுத்துவர அவள் வீட்டுக்குப் போனாள்.

ஆத்தப்பன் மில்லுக்கு ஒரு வழக்கம் உண்டு, விசைத்தறி வைத்திருந்த காலத்திலிருந்தே. பூசைக்கு முன்னால் மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்த மாட்டார்கள். நல்ல நேரம் வருகிறவரை ஒரு மெஷினாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடுகிறபோதே பெரியவர் தன் கையால் மெயினை இறக்க வேண்டும். "நம்முளுக்குச் சோறு போடறதுக, இன்னைக்கு ஒரு நாளு ஓயட்டும்" என்று கும்பிட்டுவிட்டுத்தான் துடைக்கவே விடுவார். ஒருவரும் அதில் தப்பு கண்டதில்லை. போன வருடப் பூசைக்கு வர்ஷினி இங்கே இல்லை. அவளுடைய அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர், இறந்துபோய்ப் பல்லடம் போயிருந்தாள். மெயினையே இறக்குவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று அந்தக் கட்டளையைக் கொடுத்திருக்கவே மாட்டாள்.

கெட்ட நேரம் சொல்லிக்கொண்டா வரும்?

பெரியவர் மெயினை இறக்கியதும், ஓடிக்கொண்டிருந்த காம்பாக்டிங் மெஷின் சுவிட்சை அணைக்காமலேயே நின்றுபோயிற்று. பழைய மெஷின், கரண்ட் திரும்பினால் தானாகச் சுற்றும். மாடியில் சர்வர் யுபிஎஸ்ஸில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேக்கேஜ்களை இறக்கிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. அந்த ஒரு மணி நேரத்தில் நடந்த கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும், ஒன்றைத் தவிர.

இப்போது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. முதல் கட்டளையை அடித்ததுமே சர்வர் முரண்டு பிடித்தது. வேறு யாரோ பூட்டு போட்டு வைத்திருக்கிறார்கள், விட்டால்தான் நான் வேலை செய்வேன் என்றது. பூட்டு ஃபைலை அழித்துத் தள்ளு என்று இணையத்தில் ஆளுக்கு ஆள் யோசனை சொல்வார்கள். வர்ஷினி அப்படி அவசரப்படுகிறவள் இல்லை. எது பிடித்திருக்கிறது என்று பார்த்தாள். சர்வர் எழுந்ததுமே தானாகக் கிளம்புகிற ஒரு புதுப்பிப்பு வேலை. அது திணறித் திணறி முடிகிறவரை இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூட்டு விட்டது.

அடுத்து, வேலை பாதியில் நின்றுபோயிருக்கிறது, முதலில் அதை முடித்துவை என்று அதுவே வழியும் சொன்னது. அவள் அடித்தாள்.

sudo dpkg --configure -a

திரையில் வரிகள் ஓடின. பாதியில் நின்றவை ஒவ்வொன்றாக எழுந்து உட்கார்ந்தன. வர்ஷினிக்கு மூச்சு வந்தது. ஆனால் கடைசியில் பதினோரு பேக்கேஜ்கள் எழவில்லை. அதில் ஒன்று கேமரா மென்பொருள். பதிவுகள் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. அவற்றைத் திறக்கிற ஒரே சாவி அந்த மென்பொருள்தான். அது மிக மோசமான நிலையில் இருக்கிறது, மறுபடி முழுதாக நிறுவினால் ஒழிய ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிரித்தது சர்வர். அதை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமை ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

உடைந்ததைச் சரிசெய் என்று இன்னொரு கட்டளை உண்டு. அதையும் கொடுத்துப் பார்த்தாள். சர்வர் சிறிது நேரம் கணக்குப் போட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னது. நாற்பத்து மூன்று பேக்கேஜ்களைத் தூக்கிவிடுகிறேன், எல்லாம் சரியாகிவிடும், தூக்கட்டுமா? பட்டியலில் முதல் பெயர் கேமரா மென்பொருள்.

ஆமாம் என்பதற்கு வெறும் எண்டர் போதும். இல்லை என்பதற்குத்தான் ஓர் எழுத்து அடிக்க வேண்டும். அவள் விரல் பழக்கத்தில் எண்டருக்கு மேலே போய் நின்றது.

என்னவோ தோன்றியது. இல்லை என்று அடித்துவிட்டு, அந்த மென்பொருளை நீக்கினால் என்னென்ன செய்யும் என்று அதன் குறிப்பைத் திறந்து படித்தாள். கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது. மென்பொருளை நீக்கும்போது பழைய பதிவுகள் இருக்கிற இடத்தையும் முழுதாகத் துடைத்துவிடு என்று எழுதியிருந்தார்கள்.

ஓர் எண்டர். பாய் ஜெயிலுக்குப் போயிருப்பார்.

வர்ஷினி அந்த வரியை முதலில் வேலை செய்யாதபடி ஆக்கினாள். பிறகு இனி பேராசைப்படக்கூடாது, ஒவ்வொன்றாகத்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தாள். கெட்டுப்போன பதினொன்றையும் புதிதாக இறக்க வேண்டும். யார் யாரை நம்பியிருக்கிறார்கள் என்று பார்த்து, யாரையும் நம்பாததை முதலில், அதை நம்பியதை அடுத்ததாக, இப்படியே வரிசையாக நிறுவ வேண்டும். ஐந்து இறங்கின. ஆறாவது பாதியில் நின்றது.

இணையம் போய்விட்டிருந்தது.

மழை மேகம் கட்டியிருந்தது. அதனால் இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டு நடைவழிக்கு வந்தாள். சுவரில் இருந்த பெட்டியில் ஒரு வயர் மட்டும் கழன்று தொங்கியது. தானாகக் கழன்றுவிழுகிற வயர் அல்ல அது. கிளிப்பை அமுக்கி இழுத்தால்தான் வரும். யாரோ அமுக்கி இழுத்திருக்கிறார்கள். அவள் நடைவழியின் இரண்டு பக்கமும் பார்த்தாள். கீழே தையல் மெஷின்களின் சத்தம் கேட்டது. மாடியில் ஒருவரும் இல்லை.

வயரை மறுபடி சொருகவில்லை. சொருகினால் மறுபடி பிடுங்குவார்கள். உள்ளே வந்து கதவைத் தாழிட்டுவிட்டு, தன் போனிலிருந்து இணையத்தைக் கொடுத்தாள். மணி பன்னிரண்டே முக்கால். போனைக் கையில் எடுத்தபோதுதான் பார்த்தாள், தரணி எட்டு முறை கூப்பிட்டிருந்தான். அம்மாவுக்கு மயக்கம் வருகிறாற்போல இருக்கிறது, உடனே ஊட்டுக்கு வா என்று செய்தி வேறு. அத்தைக்கே போன் போட்டாள். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நல்லாத்தானே இருக்கேன், ஏன் கண்ணு கேக்கற என்றாள்.

வர்ஷினி எழுந்து கதவின் தாழை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

பதினோரு பேக்கேஜ்களில் எது எந்த நேரத்தில் செத்தது என்று தெரிந்தால் வரிசை போடச் சுலபம். சர்வர் தான் செய்கிற ஒவ்வொரு வேலையையும் நேரம் போட்டுக் குறித்துவைக்கும். பூசையன்றைய குறிப்பைத் திறந்தாள். 9:40-க்கு வேலை ஆரம்பம். 10:16-க்கு மெயின் போனது, யுபிஎஸ் ஏற்றுக்கொண்டது. 10:43-க்கு யுபிஎஸ் பேட்டரி தீரப்போகிறது என்ற எச்சரிக்கை. 10:48-க்கு மெயின் திரும்பியது. 10:52-க்கு மறுபடி மெயின் போனது, அத்தோடு எல்லாம் முடிந்தது. கடைசியில் மெயினை அணைத்தது இசக்கிமுத்துவின் அலறலைக் கேட்டவர்கள்.

அவள் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் போனை எடுத்து, பூசையன்று வந்த அழைப்புகளைத் தேடினாள். 10:44, தரணி. பேசியது இரண்டு நிமிடம்.

அந்தப் பேச்சு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. யுபிஎஸ் கத்துகிறது, உன் வேலை இன்னும் முடியவில்லை, என்ன செய்வது என்று அவன் கேட்டான். நடுவில் நின்றால் எல்லாம் கெட்டுவிடும், எப்படியாவது கரண்ட்டுக்கு வழி பண்ணுங்கள் என்றாள் அவள். வெல்லப்பாகு முறுகிக்கொண்டிருந்தது, சடாரென்று வைத்துவிட்டாள். விபத்து நடந்த பிறகு அவனே சொன்னான்: நான் கீழே போவதற்குள் பாய் மெயினைப் போட்டுவிட்டார். அவள் நம்பினாள். அதற்கு மேல் யோசிக்கவே இல்லை.

இப்போது யோசித்தாள். பாய் எதற்காக மெயினைப் போட வேண்டும்?

ஒன்பது நாளில் ஊரில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சாவி இருக்கிறது, போட்டிருப்பார் என்றார்களே தவிர, எதற்கு என்று கேட்கவில்லை. முதலாளி தன் கையால் இறக்கிக் கும்பிட்ட மெயினை இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனுசன் ஒருதரமாவது தொட்டதுண்டா? மாடியில் யுபிஎஸ் கத்தியது கீழே இருப்பவர்களுக்குக் கேட்காது. கேட்டவன் ஒருவன்தான். கரண்ட்டுக்கு வழி பண்ணச் சொன்னவள் ஒருத்திதான். முதலாளி மகனிடம் மெயின் அறைக்கு மாற்றுச் சாவியும் உண்டு.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அது சும்மா சொன்ன பேச்சல்ல.

அவள் கை தானாக வேலை செய்தது. ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது. ஒவ்வொன்று நிமிரும்போதும், இது நிமிராமல் போகட்டுமே என்று ஒரு மனம் கும்பிட்டது. கேட்டில் நிற்கிற அமீருன்னிசாவை இன்னொரு மனம் நினைத்தது. பத்தாவது நிமிர்ந்தது. கடைசியாகக் கேமரா மென்பொருள். எதையும் தூக்க வேண்டியதில்லை, எதுவும் உடைந்திருக்கவில்லை என்று சர்வர் சமாதானமாகச் சொன்னபோது மணி மூன்றே கால்.

பூசை நாளைத் தேர்ந்தெடுத்து, 10:47 என்று போட்டாள்.

படம் தெளிவாக வந்தது. மெயின் அறைக் கதவு. அதில் கட்டிய மாவிலை. ஒருவரும் இல்லை. பிறகு மாடிப்படிப் பக்கமிருந்து ஒருவன் வேகமாக வந்தான். பூசைக்கென்று அவள் எடுத்துக்கொடுத்த சந்தன நிறச் சட்டை. சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே போனான். வெளியே வந்து, வேலை முடிந்த திருப்தியில் கையைத் தட்டிக்கொண்டு நின்றான். அடுத்த விநாடி அவன் தலை காம்பாக்டிங் பக்கம் திரும்பியது.

படத்தில் சத்தம் கிடையாது. அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்ததை வர்ஷினி பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது, யாருக்காக என்று தெரியவில்லை.

கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். திறந்தாள். தரணி.

திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவன் மறுக்கவில்லை; அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, தரையில் உட்கார்ந்துகொண்டான்.

உள்ளே ஆள் இருப்பது சத்தியமாகத் தெரியாது என்றான். முதல் நாள் பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னானாம். இரண்டாம் நாள் மாற்றிச் சொல்லலாம் என்றிருந்தானாம்; அதற்குள் போலீஸ் எழுதி வாங்கிவிட்டார்களாம். அப்பா முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லையாம். பாய்க்கு நல்ல வக்கீலாக வைத்து வெளியே எடுத்துவிடலாம், அவர் குடும்பத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனான். வயரைப் பிடுங்கியது நீங்கள்தானா என்று அவள் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி பண்ணத் தெரிஞ்சவளுக்கு ஒடைக்கத் தெரியாதா? மறுபடி ஒடச்சு வெச்சிரு வர்ஷினி. ஆகலைன்னு சொல்லிரு."

"ஏனுங்க, அந்தக்கா கேட்டுல நிக்கறாங்க."

"நானும் உன்ற முன்னாடி நிக்கறன்." அவன் குரல் உடைந்தது. "போன்ல இருந்தது யாருன்னு இன்னை வரைக்கும் நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. கேட்டா இனியும் சொல்ல மாட்டேன். ஆனா படம் வெளிய வந்தா, எதுக்குடா போட்டேன்னு அப்பா கேப்பாரு. அப்ப நான் என்ன சொல்றது?"

அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். அவளைக் காப்பாற்றுகிறவன் சொல்வது மாதிரிதான் சொன்னான். ஆனாலும் கழுத்தில் கயிறு விழுந்ததுபோல இருந்தது. கரண்ட்டுக்கு வழி பண்ணச் சொன்னது அவள். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லாதது அவள். இசக்கிமுத்துவின் பெண்குழந்தைகள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் தன் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவளுக்கு ஞாபகம் வந்தது. பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள், பெரிய புண்ணியவதிபோல.

நாற்பத்து மூன்று பேக்கேஜ்கள். ஒரு கட்டளை, ஓர் எண்டர். செயலிழக்க வைத்த அந்த ஒரு வரியை மறுபடி எழுப்பினால் தடயமே மிஞ்சாது. பிள்ளைவிளையாட்டு அது அவளுக்கு.

கீழே ஜீப் வந்து நின்றது. ஆத்தப்பனின் குரல் படிக்கட்டில் ஏறி வந்தது.

"கண்ணு, ஐயா வந்துட்டாருங்க. என்னாச்சு சாமி?"

தரணி எழுந்து அவள் கையைப் பிடித்தான். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை; கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். நல்லவன்தான். கோழை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும் என்று கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு கையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து படியிறங்கினாள். அவன் பின்னாலேயே வந்தான்.

கீழே சலாவுதீன் வந்து நின்றிருந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு துணிப்பையோடு. இரண்டு லுங்கியும் சர்க்கரை மாத்திரையும் அதில் இருப்பதாக அமீருன்னிசா ஆத்தப்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆத்தப்பன் எதையும் கேட்கும் நிலையில் இல்லை. கண் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கம்ப்யூட்டர் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"அது ஆகலீங்க சார்." பாதிப் படியிலிருந்து தரணிதான் முந்திக்கொண்டு சொன்னான். "எல்லாம் போச்சுங்க. பேக்கேஜெல்லாம்..."

அமீருன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சலாவுதீன் பையைத் தோளில் மாட்டினார். ஒருவரையும் குறைசொல்லவில்லை. ஆத்தப்பனைப் பார்த்து, மெயின் அறையில் இரண்டாவது ஃபியூஸ் சூடாகிறது, புது ஆளிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான்.

வர்ஷினி இன்ஸ்பெக்டருக்கு எதிரில் போய் நின்றாள்.

"ஆயிருச்சுங்க சார்," என்றாள். "படம் வருதுங்க. போட்டவரு மொகம் நல்லாத் தெரியுது."

ஆத்தப்பன் முகத்தில் ஒன்பது நாளாக இல்லாத வெளிச்சம் வந்தது. மகன் ஒன்று சொல்ல மருமகள் இன்னொன்று சொல்கிறாளே என்று யோசிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. இரண்டே எட்டில் போய்ச் சலாவுதீனின் தோளிலிருந்து பையைப் பிடுங்கி அமீருன்னிசாவிடம் கொடுத்தார்.

"நாந்தான் சொன்னனே சலாவு, நம்மூட்டுப் புள்ள கொண்டாந்துருவான்னு." இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சார், மேல வாங்க. நீங்களே கண்ணால பாருங்க. அந்தப் பாவிப்பய எவனா இருந்தாலுஞ் சரி, அவன் இனி இந்தக் கேட்டைத் தாண்டி உள்ள வரக்கூடாது. எல்லாரு முன்னாடியும் வெச்சுச் சொல்றேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே முன்னால் படியேறினார். பாதிப் படியில் மகன் வழியை மறித்து நின்றான்.

"சித்த தள்ளி நில்லு சாமி," என்றார் ஆத்தப்பன். "ஐயா வர்றாரு."

தரணி சுவரோரம் ஒதுங்கி நின்றான்.